மாமாவின் மிஷினும் எங்கள் தெருக் கரண்டும்

அப்பாவின் தகரப் பெட்டியில் இருந்த காகிதங்களைச் சென்ற ஆண்டு ஒழுங்குபடுத்தியபோது ஒரு மனுவின் கார்பன் நகல் கிடைத்தது. பிப்ரவரி 1987 என்று போட்டிருக்கிறது. நாள் இருக்க வேண்டிய இடத்தில் கார்பன் மங்கிவிட்டது. மாதமும் ஆண்டும் தெளிவாக இருக்கின்றன. ‘எங்கள் தெருவில் மாலை ஆறு மணிக்கு மேல் டியூப் லைட் எரிவதில்லை. ஓடும் மின்விசிறியின் இறக்கைகளை எண்ண முடிகிறது. தேர்வு எழுத வேண்டிய பிள்ளைகள் அரிக்கேன் விளக்கில் படிக்கிறார்கள். ஆகவே எங்கள் பகுதிக்குப் புதிய டிரான்ஸ்பார்மர் ஒன்று அமைத்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.’ கீழே தெருக்காரர்களின் கையெழுத்துகள். முதலாவது அப்பாவுடையது. கடைசியில் ஒரு கட்டைவிரல் ரேகை.

மனுவில் மிகை எதுவும் இல்லை. இறக்கைகளை நானே எண்ணியிருக்கிறேன். ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் குவார்ட்டர்ஸை விட்டு வெளியே வந்து, கோவில்பதாகைப் பக்கம் மனை வாங்கி, ஒருவர் பின் ஒருவராக வீடு கட்டிய காலம் அது. வீடுகள் பெருகின, கரண்டு பெருகவில்லை. பகலெல்லாம் ஒழுங்காக இருக்கும். சாயங்காலம் ஒவ்வொரு வீட்டிலும் விளக்கைப் போடப் போட, கரண்டு இளைத்துக்கொண்டே போகும். டியூப் லைட் இரண்டு முனையிலும் மினுக்கிவிட்டு அடங்கிவிடும். குண்டு பல்புக்குள் இழை மட்டும் பழுத்த மிளகாய் நிறத்தில் தெரியும். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் நாங்கள் சாப்பிட்டோம், ஜெபமாலை சொன்னோம், வாய்ப்பாடு ஒப்பித்தோம். அப்பா ஸ்டோர் பிரிவில் இருந்தவர். எதையும் எழுத்தில் கேட்டுப் பழகியவர். தொழிற்சாலையிலிருந்து சைக்கிளில் வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்.

மாமா வந்தது இந்த மனு போன பிறகு. அம்மாவின் ஒரே தம்பி அவர். சவுதியில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஃபிட்டர். தவக்காலத் தொடக்கத்திலேயே வந்துவிட்டார் என்று அம்மா சொல்வாள். குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்து வந்து, ஓலையைச் சிலுவையாகப் பின்னிக்கொண்டிருந்தபோது அவர் வந்து இறங்கினார் என்று எனக்கு நினைவு. என் விரலை ஓலை கீறியது வரை நினைவிருப்பதால் என் கணக்கையே வைத்துக்கொள்கிறேன்.

மீனம்பாக்கத்திலிருந்து டாக்சியில், மேலே கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகளோடு வருவார் என்று தெருவே எதிர்பார்த்தது. அவர் பஸ்ஸில் பூந்தமல்லி வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் ஆவடி வந்து, சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். கையில் ஒரு தோள்பை. ரிக்‌ஷாவின் கால்வைக்கும் இடத்தில் பச்சை நிற இரும்புப் பெட்டி ஒன்று. அதை இறக்க ரிக்‌ஷாக்காரரும் அப்பாவும் சேர வேண்டியிருந்தது. தங்கமாகத்தான் இருக்கும் என்று நான் நினைத்தேன். அம்மாவும் அப்படி நினைத்திருக்கலாம். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பெட்டியின் எதிரில் உட்கார்ந்தாள்.

பெட்டிக்குள் சேலை இல்லை, சென்ட் இல்லை, டேப் ரெக்கார்டர் இல்லை. எல்லாம் சாமான்கள். கையால் பிடிக்கும் பெரிய டிரில்லிங் மிஷின் ஒன்று, துப்பாக்கி போல விசை வைத்தது. புத்தகம் போல விரியும் இரும்பு டப்பாவில் வரிசையாகத் துளை போடும் அலகுகள், ஈர்க்குச்சி பருமனிலிருந்து என் கட்டைவிரல் பருமன் வரை. இழுத்துவிட்டால் பாம்பு நாக்கு மாதிரி சடக்கென்று தானாக உள்ளே போகும் அளவு டேப். மஞ்சள் தண்ணீருக்குள் குமிழி நகரும் மட்டப் பலகை. ஒருமுறை கவ்வினால் நாமாக விடுவிக்கும் வரை விடாத கொறடு. தோட்டத்து ரப்பர் குழாயின் முனையில் மாட்டும் பித்தளைத் துப்பாக்கி. எல்லாவற்றுக்கும் அடியில் நீளமான தண்டு ஒன்று, நுனியில் வட்ட மூடி. கத்தியே இல்லாமல் நைலான் நரம்பைச் சுழற்றிப் புல் வெட்டும் மிஷின் அது என்று மாமா சொன்னார். அம்மாவுக்கு இரண்டு சோப்பு, எனக்கு ஒரு பேனா. சோப்பை முகர்ந்து பார்த்து, “நல்ல வாசனைடா தம்பி” என்று அம்மா சொன்னாள். அதற்கு மேல் அன்று அவள் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா பேசினாள். வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டபடி, அம்மா காதில் விழும்படியே தன் மாமியாரிடம் சொன்னாள்: “அல்லாரும் ஊட்டுக்கு நக வாங்கினு வருவாங்க. இவுரு சுத்தி, கொறடு வாங்கினு வந்துகீறாரு.”

ஆனால் இரண்டு வாரம் கழித்து மாமாவை முதலில் தேடி வந்தது அந்த அக்காதான். எங்கள் தெரு வீடுகளில் சுவரில் ஓட்டை போடுவது சாதாரணக் காரியமில்லை. உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தால் ஒரு ஆணி அளவு ஓட்டைக்குத் தட்டு அளவு பூச்சு பெயர்ந்து விழும். அதில் கட்டை செருகி, சிமெண்ட் அடைத்து, ஒரு நாள் காயவிட்டுத்தான் ஆணி அடிப்பார்கள். அதனால் கடன் வாங்கிக் கட்டிய சுவரில் யாரும் கைவைக்கத் துணியவில்லை. கலியாணத்துக்கு வந்த சுவர்க்கடிகாரங்கள் பீரோ மேல் படுத்துக் கிடந்தன. மாமா மிஷினை வைத்து விசையை அழுத்தினார். ஒரு உறுமல், கொஞ்சம் செங்கல் பொடி, அவ்வளவுதான். சுற்றிலும் ஒரு விரிசல் இல்லாத, பொட்டு வைத்தது போன்ற ஓட்டை. தெரு முழுவதற்கும் அப்போதுதான் தங்கள் வீட்டுச் சுவரில் எத்தனை ஓட்டைகள் தேவை என்பது புரிந்தது. திருஇருதயப் படத்துக்கு, பெருமாள் படத்துக்கு, கொசுவலைக்கு, தூளிக்கொக்கிக்கு. ஒரு வீட்டில் எதற்கென்று தெரியாமலே இரண்டு போட்டு வைத்துக்கொண்டார்கள், பின்னால் உதவும் என்று.

மாமா யாருக்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. ஒரே ஒரு நிபந்தனை. சாயங்காலம்தான் வருவார். விளக்கு வைத்த பிறகு, எல்லார் வீட்டு விளக்கும் எரிந்து, கரண்டு நன்றாக இளைத்த பிறகு. காலையில் யாராவது வந்து கூப்பிட்டால், “சாயந்தரம் வர்றேங்க” என்பார். சவுதியில் பகல் வெயிலில் வேலை செய்ய முடியாது, அந்தப் பழக்கம் என்று அம்மா விளக்கம் சொன்னாள். சோம்பேறித்தனம் என்று அப்பா சொன்னார், மாமா இல்லாதபோது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. எந்த வீட்டில் வேலை என்றாலும் மிஷினின் பிளக்கைச் செருகும் முன் அண்ணாந்து பல்பைப் பார்ப்பார். அவசரமில்லாமல், கொஞ்ச நேரம். இழை சிவந்திருந்தால் செருகுவார். வெளுப்பாக எரிந்தால், வெற்றிலை போட வேண்டும், டீ குடிக்க வேண்டும் என்று ஏதாவது சொல்லி உட்கார்ந்துவிடுவார். உதடு லேசாக அசையும். வேலை தொடங்கும் முன் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்கிறார் என்று நான் நம்பினேன். எனக்கு வயது ஒன்பது. வீட்டில் எல்லாவற்றையும் ஜெபத்தோடு தொடங்கும்படி எனக்கும் சொல்லியிருந்தார்கள்.

புல் வெட்டும் மிஷினையும் அவர் அந்தி மங்கிய பிறகே எடுத்தார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் பார்த்தீனியமும் கோரையும் இடுப்பளவு நின்றன. மசமசத்த வெளிச்சத்தில் அவர் தண்டை இடமும் வலமும் வீச, நரம்பு விர்ரென்று பாடியது. புல் மடிந்து விழுவது கண்ணுக்குத் தெரியவில்லை, பச்சை வாசனை மட்டும் வந்தது. பக்கத்து வீட்டு ஆடு வேலியோரம் வந்து நின்று, தன் வாழ்வாதாரம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் தோட்டம் முடிவெட்டிக்கொண்ட தலை மாதிரி இருந்தது. அம்மா நட்டு வைத்திருந்த செம்பருத்திக் கன்றும் சேர்ந்து போயிருந்தது. “பொழுதோட செய்யறதுக்கு என்னடா கேடு, பாம்பு இருந்தா என்ன பண்ணுவே?” என்று அம்மா கேட்டாள். மாமா சிரித்தார். தாடையோரம் ஒரு நரம்பு இழுத்துக்கொள்ளும், அப்படி ஒரு சிரிப்பு.

லீவு இரண்டு மாதம் என்று சொல்லியிருந்தார். இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு நாள் மத்தியானம் அடுக்களையில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருக்க, மாமா நிலைப்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். நான் கூடத்தில் படுத்திருந்தேன், தூங்குகிறேன் என்று நினைத்திருப்பார்கள். டிக்கெட் எப்போது என்று அம்மா கேட்டாள். கம்பெனியிலிருந்து தந்தி வந்ததா என்று கேட்டாள். மாமா கீழே கிடந்த ஒரு கீரைத் தண்டை எடுத்து ஒடித்தார். பிறகு சொன்னார்: “நான் திரும்பிப் போகலக்கா. இந்த மிஷின வெச்சு இங்கயே பொழச்சுக்கறேன். மாமாகிட்ட இப்ப சொல்லாத. ஒரு வேல புடிச்சிட்டுச் சொல்றேன்.” அப்பாவைத்தான் அவர் மாமா என்று அழைப்பார்.

அம்மா கீரையைக் கழுவினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமா எங்களோடேயே இருப்பார். அன்று ராத்திரி ஜெபத்தில், மாமாவுக்கு ஒரு வேலை கிடைக்க வேண்டும் என்று நானாகவே சேர்த்துக்கொண்டேன், அப்பாவுக்குக் கேட்காதபடி.

வேலை கிடைத்தது. தெருமுனை மாதா கோவிலை ஒட்டி ஒரு பெரிய ஹால் எழும்பிக்கொண்டிருந்தது. அதை எடுத்திருந்த காண்ட்ராக்டர் பூந்தமல்லிக்காரர். பருத்த ஆள், வெள்ளை வேட்டி, அக்குளில் எப்போதும் ஒரு தோல்பை. ஓட்டை போடும் மிஷினைப் பற்றி யாரோ சொல்லி, ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“இன்னா நைனா, அந்த சவுதி மிஷினு எங்க கீது? ஒரு தபா காட்டு பாக்கலாம்.”

மாமா பல்பைப் பார்த்தார். நல்ல சிவப்பு. எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரில், காங்கிரீட் தளத்தின் விளிம்பிலேயே ஒன்று போட்டுக் காட்டினார். காண்ட்ராக்டர் ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுத் திருப்பிப் பார்த்து, பொடியை முகர்ந்தும் பார்த்தார். ஹாலில் கிரில்லுக்கும் ஜன்னலுக்கும் மின்விசிறிக் கொக்கிக்கும் இருக்கும் அத்தனை வேலையையும் தருவதாகச் சொன்னார். இது சரியாக வந்தால் அடுத்து அம்பத்தூரில் எடுக்கப்போகும் கட்டடமும் மாமாவுக்குத்தான். சம்பளம் முழுவதும் வேலை முடிந்ததும். மாமா சாயங்காலம்தான் வருவேன் என்றபோது அவர் சிரித்தார். “சாயந்தரம் சித்தாளுங்ககூட ஊட்டுக்குப் போயிடும், நீ மட்டும் இன்னா பேய்க்கா வேல காட்டப் போற?” ஆனாலும் ஒத்துக்கொண்டார். ஆளில்லாத நேரத்தில் செய்தால் மற்ற வேலை கெடாது என்பது அவர் கணக்கு.

அன்றைக்கு மாமா அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னார். அப்பா அளவு டேப்பை இழுத்து இழுத்து விட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஹால் வேலை ஒழுங்காக முடிந்து, அம்பத்தூர் வேலையும் கைக்கு வந்தால் பார்க்கலாம் என்றார். அதுவரை சவுதிக்காரன் வேலையை விட்டுவிட்டான் என்று வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம். ஹால் வேலை கைவிட்டுப் போனால், பம்பாயில் தனக்குத் தெரிந்த ஏஜெண்டிடம் பேசி மாமாவை மறுபடி வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். அப்பா கோபமாகச் சொல்லவில்லை. ஸ்டோரில் சாமான் வரவு வைக்கிற குரலில் சொன்னார். மாமா தலையாட்டினார்.

அதன் பிறகு சில வாரங்கள் மாமா தினமும் பொழுது சாய்ந்து கிளம்பினார். தூசு படிந்த புருவத்தோடு ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்புவார். அம்மாவிடம் தட்டில் இரண்டாவது முறை சோறு கேட்பார். அந்த நாட்களில் அவர் அப்பாவிடம் அடிக்கடி கேட்ட கேள்வி ஒன்று உண்டு: “டிரான்ஸ்பார்மர் எப்ப மாமா வருது?” அப்பாவுக்கு அதில் மிகுந்த திருப்தி. தெருவில் மற்றவர்கள் கையெழுத்து போட்டதோடு மறந்துவிட்டார்கள், மச்சானுக்குத்தான் பொறுப்பு இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னார். எந்த அதிகாரியைப் பார்த்தார், அவர் என்ன சொன்னார், கோப்பு எந்த மேஜையில் இருக்கிறது என்று மாமாவுக்கு விவரமாகச் சொல்வார். மாமா சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆடி மாதத்தில் டிரான்ஸ்பார்மர் வந்தது. லாரியிலிருந்து இறக்கி, மாதா கோவில் மதிலை ஒட்டி இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஏற்றினார்கள். மின்சாரம் விடும் நாளன்று சின்னதாக ஒரு விழா வைக்க வேண்டும் என்று அப்பா முடிவு செய்தார். மின்சார அலுவலகத்து எஞ்சினியர் வருவார், சாக்லேட் கொடுக்கலாம், தெரு நலச்சங்கத்தின் பெயர்ப்பலகை ஒன்றை ஹால் சுவரில் மாட்டலாம். பலகைக்கு நான்கு திருகாணி. ஓட்டை போட வீட்டிலேயே ஆள் இருக்கிறது.

“முந்தின நாளே மாட்டிடறேன் மாமா,” என்றார் மாமா.

“முந்தின நாள் மாட்டினா அதுல என்ன இருக்கு? புது கரண்டுல, எஞ்சினியர் முன்னாடி போடணும் மச்சான். முதல் வேலை அதுதான்.”

காண்ட்ராக்டருக்கும் அந்த யோசனை பிடித்துப்போயிற்று. கரண்டு சரியானால் இனிமேல் பகலிலேயே வேலை நடக்கும், மெயின் ஹால் ஜன்னல் பூராவும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று அவர் மாமாவின் முதுகில் தட்டினார். மாமா அன்று ராத்திரி இரண்டாவது முறை சோறு கேட்கவில்லை.

விழா நாளன்று மத்தியானத்திலிருந்தே மாமா தலைவலி என்று படுத்துக்கொண்டார். அம்மா தைலம் தேய்த்தாள், மாத்திரை கொடுத்தாள். அப்பா சலவைச் சட்டையோடு வந்து நின்று, “தலைவலிக்கா ஓட்டை போடப் போறே? சுவருக்குத்தானே? எழுந்திரு,” என்றார். அது அப்பா செய்கிற வகை நகைச்சுவை. மாமா எழுந்து முகம் கழுவிக்கொண்டு, பச்சைப் பெட்டியைத் திறந்து மிஷினை எடுத்தார்.

எல்லா வீட்டிலும் எல்லா விளக்கையும் போட்டு வைக்கும்படி சொல்லியிருந்தார்கள். வெளிச்சம் லேசாக மங்கும் நேரம். கம்பத்தின் மேலிருந்த ஆள் கையை அசைத்தார். தெரு முழுவதும் ஒரே நேரத்தில் வெள்ளையாக எரிந்தது. டியூப் லைட்டுகள் ஒரு மினுக்கல்கூட இல்லாமல் பற்றிக்கொண்டன. பிள்ளைகள் ஓவென்று கத்தினோம். யாரோ அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அப்பாவின் கண் கலங்கியிருந்ததை முதல் முறையாக அப்போதுதான் பார்த்தேன்.

ஹால் சுவரோரம் மாமா பலகையோடு நின்றார். தலைக்கு மேல் ஒரு குண்டு பல்பு தொங்கியது. அவர் அண்ணாந்து பார்த்தார். நேராகப் பார்க்கக் கண் கூசியது, இழையே தெரியவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இன்னா மாமே, நல்ல நேரம் பாக்கிறியா? போடு,” என்றார் காண்ட்ராக்டர்.

மாமா என்னைப் பார்த்துத் தள்ளி நிற்கச் சொன்னார். பிளக்கைச் செருகினார். விசையைத் தொட்டார். மிஷின் இதுவரை கேட்காத குரலில் வீறிட்டது. ஒரு நொடி அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி, விட்டு, குழந்தையைத் தொடுவது போலத் தொட்டுத் தொட்டு ஒரு ஓட்டையை முடித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். இரண்டாவதையும் முடித்துவிட்டார். அவருடைய சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவதில் மிஷினின் பக்கவாட்டுத் துளைகளில் நீலமாக ஏதோ வெட்டியது. பிறகு புகை. ரப்பரும் அரக்கும் சேர்ந்து கருகுகிற நாற்றம். அவர் பிளக்கைப் பிடுங்கினார். மிஷின் தானாகக் கொஞ்ச நேரம் சுழன்று நின்றது.

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. காண்ட்ராக்டர் சொன்னது மட்டும் தெருவில் பல வருஷம் ஓடியது: “இன்னா நைனா, சவுதி மிஷினு நம்ம ஆவடி கரண்டயே தாங்கல?” எஞ்சினியர் சிரிக்கவில்லை. குனிந்து, மிஷினின் அடியில் இருந்த தகட்டைப் படித்தார். அப்பாவிடம், “சார், இது நூத்திப்பத்து வோல்ட் மிஷின். எரநூத்தி முப்பது வர்ற நம்ம லைன்ல வெச்சா போயிடும். இத்தனை நாள் எப்படி ஓடிச்சு?” என்றார். அப்பா சாக்லேட் டப்பாவை அவரிடம் நீட்டினார்.

பலகை இரண்டு திருகாணியில் ஒரு பக்கமாகத் தொங்கியது. மாமா காண்ட்ராக்டரின் பக்கத்தில் போய், மீதி வேலையை உளி வைத்துக் கையாலேயே செய்து தருகிறேன் என்று மெல்லச் சொன்னார். அவர் கொடுமைக்காரர் இல்லை. மாமாவின் தோளில் கை வைத்துத்தான் சொன்னார்: “உளி வெச்சு அடிக்கறதுக்கு என்கிட்டயே பத்து பேரு கீறானுங்கப்பா.”

வீட்டுக்கு வந்த பிறகு அப்பா மிஷினைக் கூடத்தில் வைத்து, தகட்டை மறுபடி படித்தார். புது வெளிச்சத்தில் கூடம் பளீரென்று இருந்தது. மூலைகளில் ஒட்டடை அத்தனையும் தெரிந்தது. அப்பா கத்தவில்லை. வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருந்தால் போதுமே என்றார். ஊருக்கு எடுத்துக்கொண்டு வருகிறவன் எவனாவது நூற்றுப்பத்து வோல்ட் மிஷினாகப் பார்த்து வாங்குவானா என்று கேட்டார். “இதுகூடவா தெரியாம வாங்கினே?”

மாமா தரையைப் பார்த்தபடி சொன்னார்: “தெரியாமத்தான் மாமா வாங்கிட்டேன்.”

எனக்கு அது பொருந்தவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் அவர் பல்பைப் பார்த்ததை நான் பார்த்திருந்தேன். அது ஜெபமில்லை, கரண்டு போதுமான அளவு இளைத்துவிட்டதா என்று பார்ப்பது என்பது ஹாலில் நின்றபோதே எனக்குப் பிடிபட்டுவிட்டது. அவருக்குத் தெரியும் அப்பா என்று சொல்ல வாயைத் திறந்தேன். மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து, ஓடிப்போய் ஒரு செம்பு கொண்டு வந்து கொடுத்தேன். அவர் அதை முழுவதும் குடித்தார்.

ஒரு மாதத்துக்குள் அப்பா பம்பாய் ஏஜெண்டுக்கு எழுதிவிட்டார். வேறு வழியில்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மாமா எதிர்க்கவில்லை. பம்பாய் போனவருக்கு வெளிநாட்டு விசா கிடைக்கவில்லை. அங்கேயே ஏதோ பட்டறையில் சேர்ந்ததாக இரண்டு கிறிஸ்துமஸுக்கு அட்டை போட்டார். 1991 மழைக்காலத்தில் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார் என்று அவருடன் தங்கியிருந்தவர்கள் அடக்கம் முடிந்த பிறகு தந்தி கொடுத்தார்கள். ‘நல்ல மனுஷன், கொஞ்சம் விவரம் பத்தாது’ என்றுதான் அப்பா கடைசி வரை அவரைப் பற்றிச் சொன்னார்.

ஒரு மனிதன் தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லி, முட்டாள் பட்டத்தை ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. அப்பாவின் கேள்விக்கு வேறு எந்தப் பதிலைச் சொல்லியிருந்தாலும், மிஷின் எப்படிக் கைக்கு வந்தது என்று அடுத்த கேள்வி வந்திருக்கும் என்பது பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. அந்த மிஷின் ஊருக்கு எடுத்து வரவென்று வாங்கப்பட்டதே இல்லை. அது அந்த ஊரிலேயே, அந்த ஊர்க் கரண்டில் வேலை செய்வதற்கான மிஷின்.

சவுதியில் மாமாவோடு ஒரே முகாமில் இருந்த இருவரைப் பின்னால் தேடிப் பிடித்தேன். ஒருவர் அம்பத்தூரில், ஒருவர் ஐயப்பன்தாங்கலில். இரண்டு பேர் சொன்னதும் ஒரு இடம் வரை ஒத்துப்போகிறது. கம்பெனி முதலாளி ஒரு நாள் காணாமல் போனார். மாதக்கணக்கில் யாருக்கும் சம்பளம் வரவில்லை. ஊருக்குத் திரும்ப டிக்கெட் மட்டும் யாரோ ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். கையில் காசில்லாமல்தான் எல்லாரும் விமானம் ஏறினார்கள். ஒரு ஸ்டெப்-டவுன் பெட்டி வாங்கவோ, அதற்குக் காசு கேட்கவோ மாமாவால் ஏன் முடியவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

அதற்குப் பிறகு அவர்கள் சொல்வது ஒத்துப்போகவில்லை. சம்பளத்துக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சூப்பர்வைசரே சாமான் கிடங்கைத் திறந்துவிட்டார் என்கிறார் அம்பத்தூர்க்காரர். கிடங்கை யாரும் திறந்துவிடவில்லை, பூட்டை உடைத்தவர்களில் மாமாவும் ஒருவர் என்கிறார் மற்றவர். இருவருமே தாங்கள் அங்கே இருந்ததாகச் சொல்கிறார்கள். இருவருக்கும் மாமாவைப் பிடித்திருந்தது. சூப்பர்வைசரின் பெயர் இருவருக்கும் நினைவில்லை. எது நடந்தது என்பதை இதுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.